வெறுங்கால் வித்தகர் முகமது சலீம்

குழந்தைகளே, சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலத்தை நீங்கள் கடந்திருப்பீர்கள். ஒரு பக்கம் படகுகள் மிதக்கும் உப்பங்கழி. மறு பக்கம் அந்தக் கழி கடலோடு சேரும் முகத்துவாரம். மாலை வேளையில் அந்த மணலில் பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்க்கலாம். நாலு செருப்பை இரண்டிரண்டாக வைத்தால் கோல் கம்பம் தயார். ஷூ யாருக்கும் கிடையாது. இருந்த செருப்பும் கோல் கம்பமாகப் போய்விட்டது!

சற்று நேரம் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். நடுவில் மணல் பொலபொலவென்று இருக்கும். கால் புதையும், பந்து உருளாது. அலை நனைத்துவிட்டுப் போகும் ஓரம் மட்டும் கெட்டியாக இருக்கும். விவரம் தெரிந்த பையன் பந்தை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய்விடுவான். ஈர மணலில் விர்ரென்று ஓடுவான். கோலுக்குப் பக்கத்தில் வந்ததும், நடுவில் காத்திருக்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தட்டிவிடுவான். கூட்டாளி காலை நீட்டினால் போதும், கோல்!

கால்பந்தில் இப்படி ஓரமாக ஓடும் ஆட்டக்காரருக்கு விங்கர் என்று பெயர். பறவைக்கு இரு பக்கமும் இறக்கை இருப்பதுபோல அணிக்கு வலப்பக்கம் ஒரு விங்கர், இடப்பக்கம் ஒரு விங்கர். கோல் அடித்தவரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பந்து யார் காலிலிருந்து வந்தது என்று பாதிப் பேர் கேட்பதே இல்லை.

இன்று நான் சொல்லப்போவது அப்படி ஒரு விங்கரின் கதை. அவர் காலிலும் ஷூ இல்லை. அந்த வெறுங்காலோடு கடல் கடந்து போய், ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய கிளப் ஒன்றுக்காக ஆடினார். ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்தியர் என்று கருதப்படும் அவருடைய பெயர் முகமது சலீம்.

சலீம் 1904-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். இன்று நாம் கொல்கத்தா என்று சொல்லும் அதே ஊர்தான். ஊருக்குத் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் மெட்டியாப்ருஸ் என்ற பகுதி அவர் பிறந்த இடம். அயோத்தி நாட்டின் கடைசி நவாபான வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை 1856-இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டபோது, அவர் வந்து தங்கிய இடமும் இதுவே. பிரியாணியில் உருளைக்கிழங்கு போடும் வழக்கம் அவருடைய சமையலறையிலிருந்து வந்தது என்று கல்கத்தாக்காரர்கள் சொல்வார்கள். அது இருக்கட்டும், நம் சலீமுக்கு நவாப் வீட்டு வசதி எதுவும் கிடையாது. வரும்படி குறைந்த சாதாரணக் குடும்பம். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமும் இல்லை. பந்து என்றால் மட்டும் உயிர்.

அவருக்கு 7 வயதானபோது ஊரே கொண்டாடிய ஒரு நாள் வந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலப் பட்டாளத்து அணி. மறு பக்கம் மோகன் பகான் என்ற இந்திய அணி. நம் ஆட்களில் ஒருவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆனாலும் 2-1 என்ற கணக்கில் ஜெயித்துவிட்டார்கள்! நம்மை ஆள்பவர்களை மைதானத்திலாவது தோற்கடிக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் சலீமும் ஒருவர்.

1926-இல் பவ்பஜாரில் இருந்த சித்தரஞ்சன் கிளப்பில் சேர்ந்தார். பிறகு ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று பல கிளப்புகளில் ஆடினார். அந்தக் காலத்து அணி அமைப்பு இப்போது நீங்கள் டி.வி.யில் பார்ப்பதுபோல இருக்காது. கோல்கீப்பருக்கு முன்னால் 2 பேர் தடுப்பார்கள். அவர்களுக்கு முன்னால் 3 பேர். தாக்குவதற்கு மட்டும் 5 பேர் வரிசையாக நிற்பார்கள். அந்த ஐவரில் வலது கோடியில் நிற்பவர்தான் சலீம். பந்து கிடைத்ததும் எல்லைக்கோட்டை ஒட்டி ஓட வேண்டும், மறிக்க வருபவரை ஏமாற்ற வேண்டும், நடுவில் இருப்பவர் தலைக்கோ காலுக்கோ சரியாகப் பந்தை அனுப்ப வேண்டும். இதுதான் அவர் வேலை.

வெறுங்காலோடு ஏன் ஆடினார்கள் என்று கேட்பீர்கள். ஷூ விலை அதிகம் என்பது முதல் காரணம். சிறு வயதிலிருந்து வெறுங்காலில் பழகியவர்களுக்கு ஷூ போட்டால் பந்து காலில் படுவதே தெரியாது என்பது இன்னொரு காரணம். காய்ந்த தரையில் வெறுங்கால்காரர் சட்டென்று திரும்புவார், விரலால் பந்தைத் தொட்டுத் தடவி நிறுத்துவார். மழை பெய்துவிட்டால்தான் ஆபத்து. அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் சேற்றைக் கவ்விப் பிடிக்கும், வெறுங்கால் வழுக்கும். கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில்!

பூட்ஸ்காரர் மிதித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். நான் வாத்தியாராக இருந்தபோது எங்கள் பையன்களை வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். எதிர் அணியில் எல்லோருக்கும் பூட்ஸ், எங்கள் அணியில் மூன்று பேருக்குத்தான். ஒருவன் மிதித்ததில் எங்கள் பையனுக்குப் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடினான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். நான் உட்கார வைத்ததற்காக அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி, சலீம் கதைக்கு வருவோம். 1934-இல் அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு ஆடினார். அந்த ஆண்டுதான் அந்த கிளப் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கை அதுவரை ஓர் இந்திய அணிகூட வென்றதில்லை. பட்டாளத்து அணிகளும் ஆங்கிலேயர் கிளப்புகளுமே மாறி மாறி வென்று வந்தன. புதிதாக நுழைந்த முகமதன் அணி முதல் ஆண்டிலேயே கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அதோடு நின்றதா? 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து வென்றது. மொத்தம் 5 ஆண்டுகள்! கல்கத்தா மைதானத்தைச் சுற்றி இடம் கிடைக்காமல் ஜனங்கள் மரத்தின்மேல் ஏறிப் பார்த்தார்கள். வலப்பக்கம் சலீமிடம் பந்து போனாலே கூச்சல் எழும்.

1936-ஆம் ஆண்டு வந்தது. ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஒலிம்பிக் நடக்கவிருந்த ஆண்டு. அதற்குப் புறப்பட்ட சீனக் கால்பந்து அணியிடம் பயணச் செலவுக்குப் போதிய பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? வழியில் இருக்கும் நாடுகளில் எல்லாம் இறங்கி, காட்சி ஆட்டங்கள் ஆடி, அந்த வசூலில் மேலே போனார்கள். கல்கத்தாவிலும் இறங்கினார்கள். அவர்களோடு மோத இந்திய அணி ஒன்றைத் திரட்டியபோது அதில் சலீமும் இருந்தார். முதல் ஆட்டத்தில் அவர் ஆட்டத்தைச் சீனர்களே புகழ்ந்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் அவரைக் காணவில்லை!

நடந்தது இதுதான். சலீமின் சகோதரர் முறையான ஹாஷிம் என்பவர் பிரிட்டனில் இருந்தார். அந்தச் சமயம் கல்கத்தாவுக்கு வந்திருந்த அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு திறமையை இங்கேயே வைத்திருப்பானேன், ஐரோப்பாவில் ஆடிப் பார்க்கலாமே என்று சலீமை வற்புறுத்தினார். இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். வாரக்கணக்கில் கடல் பயணம். முதலில் லண்டன். அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்.

அங்கே இருந்ததுதான் செல்டிக் கிளப். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியோடு வாடிய ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற துறவி-ஆசிரியர் 1887-இல் தொடங்கிய கிளப் அது. பச்சையும் வெள்ளையும் வளையம் வளையமாகப் போட்ட சட்டைதான் அதன் அடையாளம். சலீம் போன ஆண்டில் செல்டிக் சாதாரண அணி இல்லை, ஸ்காட்லாந்தின் சாம்பியன். ஜிம்மி மெக்ரோரி என்ற அதன் ஆட்டக்காரர் அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 50 கோல் அடித்திருந்தார்!

அப்படிப்பட்ட கிளப்பின் மேலாளர் வில்லி மேலியிடம் போய் ஹாஷிம் பேசினார். இந்தியாவிலிருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், ஒரு முறை ஆட விட்டுப் பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்று சொன்னார். மேலி 1897 முதல் அந்தப் பதவியில் இருப்பவர். எத்தனையோ பேரைப் பார்த்தவர். வெறுங்காலோடு ஒருவர் பூட்ஸ்காரர்களுக்கு எதிரே ஆடுவதா என்று அவருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆனாலும் மறுக்கவில்லை. கிளப் உறுப்பினர்களும் பயிற்சியாளர்களும் பார்க்க, சலீம் தன் வித்தையைக் காட்டினார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. சலீம் செல்டிக் சட்டை போட்டிருக்கிறார். அவருடைய காலுக்குத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருப்பவர் ஜிம்மி மெக்மெனமி. இவர் அப்போது அணியின் பயிற்சியாளர். அதற்கு முன் செல்டிக்கின் பெரிய நட்சத்திர ஆட்டக்காரர். நாடே கொண்டாடிய ஒருவர், எங்கிருந்தோ வந்த ஒரு விங்கரின் காலைப் பிடித்துப் பொறுமையாகக் கட்டுப் போடுகிறார். அப்போது நம் நாடு வெள்ளையர் ஆட்சியில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பாருங்கள்.

1936 ஆகஸ்ட் 28. செல்டிக் மைதானம். எதிர் அணி கால்ஸ்டன். இது முதல் அணி ஆடும் பெரிய லீக் ஆட்டம் அல்ல, அலையன்ஸ் என்ற இரண்டாம் நிலைப் போட்டி. அதற்கே கூட்டம் திரண்டது. அதே மாதம் 15-ஆம் தேதிதான் பெர்லினில் தியான்சந்தின் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றிருந்தது. பதின்மூன்று நாள் கழித்து கிளாஸ்கோவில் இன்னோர் இந்தியர் களத்தில் இறங்கினார்.

சலீம் அன்று செய்த வேடிக்கையை அந்த ஊர்ச் செய்தித்தாள் விரிவாக எழுதியது. பந்தைப் பெருவிரல்மேல் நிறுத்துவாராம். அங்கிருந்து சுண்டுவிரல் வரை அதை உருளவிடுவாராம். ஒற்றைக் காலில் நொண்டியடித்து, மறிக்க வந்தவரைச் சுற்றி வந்து, பந்தை நடுவிலிருப்பவருக்குச் சுண்டிவிடுவாராம். அவர் வலைக்குள் தள்ளினால் போதுமாம். பத்து விரல்களும் மின்னுகிற செப்பிடுவித்தைக்காரர் என்று அவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. அந்த 7 கோல்களில் 3 கோல்கள் சலீம் போட்டுக்கொடுத்த பந்துகளால் வந்தவை.

இடையில் ஒரு பெனால்டி கிடைத்தது. சலீமையே அடிக்கச் சொன்னார்கள். அவருக்கு ஒரே வெட்கம், மறுத்துவிட்டார்! ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க எதிராளியைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு, தனியாக நின்று பந்தை அடிக்கக் கூச்சம். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. யார் என்ன கேட்டாலும் ஹாஷிம்தான் மொழிபெயர்த்துச் சொல்வார். ஹாமில்டன் அகாடமிகல் அணிக்கு எதிராகவும் சலீம் ஆடினார். அதில் செல்டிக் 5-1 என்று வென்றது.

இனி என்ன? ஸ்காட்லாந்தில் கால்பந்து என்பது சம்பளம் வாங்கும் தொழில். கல்கத்தாவிலோ அப்போது ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. ஆசைக்கு ஆடுவார்கள், வயிற்றுக்கு வேறு வேலை பார்ப்பார்கள். செல்டிக்கில் தங்கிவிட்டால் சலீமின் வாழ்க்கையே மாறியிருக்கும். கிளப்பும் அவரை விட மனமில்லாமல் இருந்தது.

ஆனால் சலீமுக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. வேற்று மொழி, குளிர், பழக்கமில்லாத சாப்பாடு. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். சில மாதங்களிலேயே ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவரை நிறுத்திவைக்க கிளப் ஒரு வழி பார்த்தது. இதைப் பின்னாளில் அவருடைய மகன் சொல்லி நாம் அறிகிறோம். சலீமுக்காக ஓர் ஆட்டம் நடத்துவது, வசூலில் 5 சதவீதம் அவருக்குத் தருவது என்பது ஏற்பாடு. அதாவது 100 பவுன் வசூலானால் 5 பவுன் அவருக்கு. சதவீதக் கணக்கெல்லாம் சலீமுக்குப் பிடிபடவில்லை. ஏதோ சிறு தொகை என்று நினைத்து, அந்த ஆட்டத்துக்கு விருந்தினராக வரும் அனாதைக் குழந்தைகளுக்கே அதைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு தொகையைக் கேட்டதும் திகைத்துப் போனாராம். அவ்வளவு பெரிய பணம்! ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஏழைக் குழந்தைகளின் சாப்பாட்டுக்காகப் பிறந்த கிளப்பில், கப்பலேறி வந்த ஓர் ஏழை ஆட்டக்காரர் தன் பங்கை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பியது சரியா, தவறா? என் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தங்கியிருந்தால் உலகமே அறிந்திருக்கும் என்று ஒரு கட்சி. அம்மா அப்பாவை விட்டு எப்படி இருப்பது என்று இன்னொரு கட்சி. எனக்கு அவர் திரும்பியதில் வருத்தம்தான். இன்னும் ஓராண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் குளிரில் தனியாக இருந்தவர் நான் இல்லையே!

கல்கத்தாவுக்கு வந்த சலீம் மீண்டும் முகமதன் அணியின் வலப்பக்கத்தில் போய் நின்றார். 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் வெற்றிகளிலும் பங்கு கொண்டார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஓட்டத்தையே நம்பி இருக்கும் விங்கருக்கு அதற்குமேல் அதிக காலம் கிடைக்காது. மெல்ல மெல்ல மைதானத்தைவிட்டு விலகினார்.

வெறுங்கால் ஆட்டத்தின் காலமும் பிறகு முடிந்தது. நாடு விடுதலை அடைந்த மறு ஆண்டு, 1948-இல், லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் நமக்காக ஒரு கோல் போட்டார். ஆனாலும் 1-2 என்று தோற்றோம். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது.

சலீமை மெல்ல எல்லோரும் மறந்தார்கள். மோகன் பகானின் 1911 வெற்றியைப் பேசியவர்கள்கூட கிளாஸ்கோவில் ஆடிய விங்கரைப் பேசவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு மட்டும் அப்பாவின் கதை தெரியும்.

முதுமையில் அவர் நோயுற்றார். அப்போது அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியத்துக்குப் பணம் தேவைப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தார். உண்மையில் பணம் வாங்குவது அவருடைய எண்ணமில்லை. அப்பாவை அங்கே யாருக்காவது இன்னும் நினைவிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படி எழுதிப் பார்த்தார். சலீம் அங்கே ஆடியது இரண்டே இரண்டு ஆட்டம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன. வில்லி மேலியும் ஜிம்மி மெக்மெனமியும் காலமாகிவிட்டார்கள். செல்டிக்கும் 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்று எங்கோ போய்விட்டது. பதில் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கிளாஸ்கோவிலிருந்து பதில் வந்தது. கடிதத்தோடு 100 பவுனுக்கு வங்கி வரைவோலை ஒன்றும் இருந்தது.

சலீம் 1980-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். அந்த வரைவோலையை வங்கியில் கொடுத்தால் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு உதவக்கூடிய தொகை கிடைத்திருக்கும். மகன் அதை மாற்றவே இல்லை. அப்பாவை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு அந்தத் தாள்தானே சாட்சி! அதை அப்படியே மடித்துப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.